யாரால்? பாடப்புத்தகங்கள் முழுங்கிவிடும் ஒரு சொல்

'முருகனால் பானை உடைக்கப்பட்டது.' செயப்பாட்டுவினைக்கு நாம் எல்லாரும் பள்ளியில் இப்படி ஓர் உதாரணம் எழுதியிருப்போம். இந்த வாக்கியத்தில் ஒரு வசதி உண்டு. 'முருகனால்' என்பதைத் தூக்கிவிட்டாலும் அது விழாது. 'பானை உடைக்கப்பட்டது.' இலக்கணம் சரி, செய்தியும் உண்மை. முருகன் மட்டும் தப்பித்துவிடுவான்.

1951 செப்டம்பர் 27 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கொன்ராட் அடெனாவர் நாடாளுமன்றத்தில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமை பற்றிப் பேசினார். ஜெர்மன் மக்களின் பெயரால் சொல்ல முடியாத குற்றங்கள் செய்யப்பட்டன என்றார். இஸ்ரேலுக்கு இழப்பீடு கொடுக்க வழி திறந்த பேச்சு அது. அந்தக் காலத்தில் அவ்வளவு சொல்லவே துணிச்சல் வேண்டும். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'செய்யப்பட்டன.' 'ஆல்' உருபு இருக்கத்தான் செய்கிறது; ஆனால் அது ஆட்களோடு ஒட்டாமல் 'பெயரோடு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற வேலையில் கை வைத்தவர்கள் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனப்படுகொலையை எந்த நாடு எத்தனையாம் வகுப்பில், எத்தனை பக்கத்தில் சொல்லித்தருகிறது என்று கணக்கெடுப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கும் தேவைதான். என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான். யாரால்?

அதைத் தேடுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குப் போரே முக்கியக் காரணம். ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்ட அறிஞர் 1944-இல் இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதை உடன்படிக்கையாக ஏற்றது. ஒரு தேசிய, இன, மதக் குழுவை, முழுதாகவோ பகுதியாகவோ, அழிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்வதுதான் இனப்படுகொலை. சண்டையில் ஆட்கள் சாவது வேறு, இது வேறு. இரண்டையும் பிரிப்பது அந்த நோக்கம். ஆனால் நோக்கத்தை மறைக்கப் போரைப் போல வசதியான திரை கிடையாது. ஊரைக் காலி செய்யலாம், ரயில் ரயிலாக மக்களைக் கொண்டுபோகலாம், செய்தியை நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் 'போர்க்காலத் தேவை' என்று ஒரு பதில் இருக்கும். போர் முடிந்த பிறகு அதே திரையைப் பாடப்புத்தகமும் எடுத்துப் போர்த்திக்கொள்கிறது. 'போரில் எல்லாத் தரப்பிலும் பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது.' ஒரே வரியில் கதை முடிந்தது.

ஜெர்மனியை எல்லாரும் நல்ல உதாரணமாகக் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அது இயல்பாக நடந்ததாக நினைத்தால் தவறு. ஐம்பதுகளின் மேற்கு ஜெர்மனிப் பாடங்களில் ஹிட்லரும் அவரைச் சுற்றியிருந்த சிலருமே குற்றவாளிகள். மக்கள் ஏமாந்தவர்கள், குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள். 1959 கிறிஸ்துமஸ் இரவில் கொலோன் நகரின் யூதத் தொழுகைக் கூடச் சுவரில் யாரோ ஸ்வஸ்திகா வரைந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கூடத்தைத் திரும்பக் கட்டித் திறந்திருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் நாடு முழுக்க இதே போல நூற்றுக்கணக்கான சம்பவங்கள். உலகம் முழுக்கக் கெட்ட பெயர். 1960 தொடக்கத்தில் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி, அண்மைக்கால வரலாற்றைப் பள்ளிகளில் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வெட்கத்தில் தொடங்கிய வேலை அது.

அப்புறம் நீதிமன்றங்கள் வந்தன. 1961-இல் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒழுங்குசெய்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை. 1963 முதல் 1965 வரை பிராங்க்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விசாரணை. நாஜிகளிடம் சிறைப்பட்டு, நாட்டைவிட்டு ஓடித் திரும்பி வந்த ஃபிரிட்ஸ் பவர் என்ற அரசுத் தலைமை வழக்கறிஞர் விடாப்பிடியாக நின்றதால்தான் அது நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் யார்? மருந்துக்கடைக்காரர், வியாபாரி, தச்சர். பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய ஆட்கள். 'யாரால்' என்ற கேள்விக்கு முதல்முறையாக முகங்கள் கிடைத்தன.

அந்த முகங்களைச் சொந்த ஊரிலேயே தேடும் துணிச்சல் மாணவர்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1980-81-இல் ஜெர்மனி முழுக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டி நடந்தது. நாஜி காலத்தில் உங்கள் ஊரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஆராய்ந்து எழுத வேண்டும். பவேரியாவில் பாசாவ் என்ற ஊரில் அன்னா ரோஸ்முஸ் என்ற பெண் இதற்காகத் தன் ஊரைத் தோண்டத் தொடங்கினார். எதிர்த்து நின்றவர்கள் என்று ஊரில் பேர் வாங்கியிருந்த பெரிய மனிதர்கள் சிலர் உண்மையில் நாஜிகளுக்கு ஒத்துழைத்தவர்கள் என்று தெரியவந்தது. ஆவணக் காப்பகத்தின் கதவு அவருக்கு எளிதில் திறக்கவில்லை, மிரட்டல்கள் வந்தன. 'நாஜிகள் செய்தார்கள்' என்று எழுதும்வரை யாருக்கும் கோபம் வரவில்லை. ஒரு பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதியபோதுதான் ஊர் கொதித்தது.

கிழக்கு ஜெர்மனி இந்தத் தொல்லையே இல்லாமல் தப்பித்தது. அங்கே 'யாரால்' என்பதற்குப் பதில் எப்போதும் தயார்: பாசிஸ்டுகளால், அவர்களை வளர்த்த முதலாளிகளால். அவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் மேற்கில் இருக்கிறார்கள். 1958-இல் திறந்த புக்கன்வால்ட் வதைமுகாம் நினைவகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போனார்கள். அங்கே கம்யூனிஸ்ட் வீரர்களின் போராட்டம் பெரிதாகத் தெரிந்தது. யூதர்கள் ஓரத்தில் நின்றார்கள். ஒரு தலைமுறையே கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளாக இல்லாமல் வென்றவர்களின் பேரப்பிள்ளைகளாக வளர்ந்தது.

இன்றைய ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் பொறுப்பு. விவரங்கள் மாறும், ஆனால் நாஜி காலம் எங்கும் கட்டாயம். பவேரியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் டாகாவ் போன்ற ஒரு முன்னாள் வதைமுகாமுக்குப் போய்வருவது பாடத்தின் பகுதி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. 1976-இல் பொய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்கள் அரசியல் கல்விக்கு மூன்று விதிகளை வகுத்தார்கள். முதல் விதி: மாணவரைத் திக்குமுக்காடச் செய்து ஒரு கருத்தைத் திணிக்கக் கூடாது. அதனால் நினைவகங்களில் வழிகாட்டிகள் பிள்ளைகளை அழவைக்க முயல்வதில்லை. அழுதுவிட்டால் கடமை முடிந்தது போலத் தோன்றிவிடும். யோசிக்க வேண்டிய இடம் அதற்கப்புறம்தான் இருக்கிறது.

யோசிக்க ஒரு நாள் சொல்கிறேன். 1942 ஜூலை 13, போலந்தின் யோசெஃபோவ் கிராமம். ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் படைப்பிரிவு, சுமார் 500 பேர், பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். ஊரிலுள்ள யூதர்களைச் சுட வேண்டும் என்று உத்தரவு. அவர்களுடைய தளபதி, முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். முன்னே வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மாலைக்குள் 1,500 பேர் செத்துக் கிடந்தார்கள். விலகியவர்களை யாரும் தண்டிக்கவில்லை. ஒரு வகுப்பறையில் ஹிட்லரைப் பற்றி ஒரு மாதம் பேசுவதைவிட, அந்தக் காலையில் வரிசையிலேயே நின்றுவிட்டவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது அதிகம் சொல்லித்தரும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனிக்கு இப்போது புதிதாக ஒரு சிக்கல். பெர்லினில் நொய்கோல்ன் போன்ற பகுதிகளின் வகுப்புகளில் துருக்கி, அரபு நாடுகள், பால்கன் என்று பல இடங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் 'நம் வரலாறு' என்கிறார். தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஜெர்மன் மொழியில் அந்தப் பிரிவினை இல்லை, ஒரே சொல்தான். அந்தப் பிள்ளை அதை எப்படிக் கேட்கிறது? தாத்தா சுடவில்லை, சுடப்படவுமில்லை. ஆனால் அது வாழும் தெருவில், நடைபாதையில் பதித்த பத்து சென்டிமீட்டர்ப் பித்தளைக் கல்லில், அந்த வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவரின் பெயர் இருக்கிறது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய இந்த 'இடறு கற்கள்' 2023-இல் ஒரு லட்சத்தைத் தாண்டின. பல பள்ளிகளில் மாணவர்களே அந்தப் பெயர்களைப் பற்றித் தேடி எழுதுகிறார்கள். நல்ல ஆசிரியர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்: உன் ரத்தத்தில் தேடாதே, உன் தெருவில் தேடு.

அதே ஜெர்மனி இன்றைய நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை அழித்தது. சுட்டது போக, பாலைவனத்துக்குள் விரட்டித் தாகத்தில் சாகவிட்டது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு சொன்னது 2021-இல்தான். பாடத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் சின்னது. ஒரு குற்றத்தை நேராகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இன்னொன்று தானாகத் தெரிந்துவிடுவதில்லை.

பிரான்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீசார். அவர்களில் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள். அதைப் பிரெஞ்சு அரசின் குற்றம் என்று ஒரு குடியரசுத் தலைவர் வாய்விட்டுச் சொல்ல 1995 ஆனது. இன்று பாரிஸில் பல தொடக்கப் பள்ளிகளின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது: யூதராகப் பிறந்ததற்காக இந்தப் பள்ளி மாணவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், நாஜிக் கொடுமைக்குப் பலியானார்கள். அதோடு நிற்கவில்லை, 'விஷி அரசின் முனைப்பான பங்கேற்போடு' என்றும் அதில் இருக்கிறது. விஷி அரசு என்றால் அன்றைய பிரெஞ்சு அரசு. அந்தச் சில சொற்கள் பள்ளிச் சுவருக்கு வந்துசேர ஐம்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

துருக்கியில் அந்தச் சொற்கள் இன்னும் வரவில்லை. 1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களை சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்ததையும் வழியில் நடந்த கொலைகளையும் அங்கே பாடப்புத்தகங்கள் 'இடமாற்றம்' என்கின்றன. ஆர்மீனியர்கள் ரஷ்யாவோடு சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள், பாதுகாப்புக்காக அவர்களை நகர்த்தினார்கள், நோயாலும் கொள்ளையராலும் சிலர் இறந்தார்கள் என்று போகிறது கதை. கவனித்தீர்களா, இங்கே 'ஆல்' இருக்கிறது. நோயால், கொள்ளையரால். 2003-இல் கல்வி அமைச்சகம் இதற்கு ஒரு படி மேலே போய், இனப்படுகொலைக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னது. இஸ்தான்புல்லில் மிஞ்சியிருக்கும் ஆர்மீனியப் பள்ளிகளுக்கும் அந்தச் சுற்றறிக்கை போனது. கொள்ளுத்தாத்தாவின் சாவு நடக்கவே இல்லை என்று ஒரு பிள்ளையை அழகான கையெழுத்தில் எழுதச் சொல்வதைவிடக் கொடிய வீட்டுப்பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போஸ்னியாவில் ஒரே கட்டடத்தில் இரண்டு பதில்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படைகள் கொன்றன. அது இனப்படுகொலை என்று ஹேக் நகரின் தீர்ப்பாயமும், 2007-இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. உடல்களைப் புதைத்த குழிகளை இயந்திரங்களால் மறுபடி தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. இவ்வளவு தடயம் கிடைத்த பிறகும், செர்பியர் பகுதியான ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் தலைவர் மிலோராட் டோடிக் 2017-இல், இதை இனப்படுகொலை என்று எங்கள் பள்ளிகளில் சொல்லித்தர விடமாட்டோம் என்றார். போஸ்னிய முஸ்லிம்களும் குரோவேசியரும் வாழும் பகுதியில் 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' என்ற ஏற்பாடு ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடந்தது. ஒரே கட்டடம், தனித்தனி வாசல் அல்லது தனித்தனி நேரம், தனித்தனி வரலாற்றுப் புத்தகம். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். வரலாறு, மொழி போன்ற பாடங்கள்தான் வேறு. யாய்ட்சே நகரில் மாணவர்களை இப்படிப் பிரித்துப் புதிய பள்ளி தொடங்க முயன்றபோது மாணவர்களே சேர்ந்து தெருவில் இறங்கித் தடுத்தார்கள். பெரியவர்கள் பிரித்த கூட்டத்தைப் பிள்ளைகள் சேர்த்த அபூர்வமான கதை அது.

சொந்த நாட்டில் சொல்ல முடியாததைப் புலம்பெயர்ந்த நாட்டில் சொல்வதும் இப்போது நடக்கிறது. இங்கே நம் கதையும் வருகிறது. 2021-இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் மே 18-இல் முடியும் ஏழு நாட்களைத் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம் என்று சட்டமாக்கியது. முள்ளிவாய்க்கால் நாளில் முடியும் வாரம். இலங்கை அரசு அந்தச் சொல்லையே ஏற்பதில்லை. இலங்கையர் அமைப்புகள் சில சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022-இல் மாகாண உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, மேல்முறையீடுகளும் நிலைக்கவில்லை. சட்டம் நின்றது. ஆனால் சட்டத்தில் ஒரு வாரம் இருப்பதற்கும் வகுப்பில் ஒரு நல்ல பாடம் இருப்பதற்கும் தூரம் அதிகம். ஸ்கார்பரோவின் ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இருவரும் தலை நிமிர்ந்து உட்காரும்படி அந்த வாரத்தை நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். 'யாரால்' என்பதற்கு அரசு, படை, தளபதி என்று பெயர் சொல்லப் பழகாவிட்டால், பதில் ஓர் இனத்தின் தலையில் போய் விழும். அது விழுந்த கையோடு அடுத்த வெறுப்புக்கு விதை போட்டாயிற்று.

கம்போடியாவில் பாடம் நடக்கும் இடமே ஒரு பள்ளிக்கூடம். புனோம்பென் நகரின் துவோல் ஸ்வாய் பிரே உயர்நிலைப் பள்ளியை, போல் பாட் தலைமையில் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் 'எஸ்-21' என்ற சிறையாக்கியது. சுமார் 18,000 பேரை அங்கே அடைத்தார்கள்; பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வகுப்பறைகளைச் செங்கல் சுவர் வைத்துச் சிற்றறைகளாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சிக் கம்பத்தைக் கைதிகளைத் தொங்கவிடப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிறையை நடத்திய டுச் முன்பு கணக்கு வாத்தியார். போல் பாட்டும் ஆசிரியராக இருந்தவர்தான். 1975 முதல் 1979 வரை சுமார் 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்தன.

கெமர் ரூஜ் வீழ்ந்த அடுத்த பத்தாண்டு, வியட்நாம் ஆதரவு அரசின் புத்தகங்களில் 'போல் பாட் - யெங் சாரி கும்பல்' என்ற பெயர் எங்கும் இருந்தது. பிறகு சமாதானம் வேண்டும், பழைய போராளிகள் சரணடைய வேண்டும் என்றபோது பாடம் மெலிந்து, ஏறக்குறைய காணாமலே போனது. காரணம் புரியாமல் இல்லை. அன்றைய பிரதமர் ஹுன் சென் தானே ஒரு காலத்தில் கெமர் ரூஜ் படைத்தளபதி. அன்லோங் வேங் போன்ற ஊர்கள் 1998 வரை கெமர் ரூஜ் கையில்தான் இருந்தன. அங்கே வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாக்கள் அந்தப் படையில் இருந்தவர்கள். இதன் விளைவு விசித்திரமாக இருந்தது. வீட்டில் அம்மா, ஒரு கவளம் சோறு திருடியதற்காக ஆளைக் கொன்றார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. சாப்பிட வைக்கச் சொல்லும் கதை என்று நினைத்தார்கள். புத்தகத்தில் இல்லாதது நடந்திருக்காது என்பது பிள்ளைகளின் நியாயம். 2007-இல் கம்போடிய ஆவண மையத்தின் முயற்சியில் இளம் ஆய்வாளர் ஒருவர் எழுதிய சிறிய வரலாற்று நூல் வந்தது. 2009 முதல் அதை வைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. முதலில் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களில் பலர் அந்தக் காலத்தைத் தாங்களே அனுபவித்தவர்கள். முப்பது ஆண்டு யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

ருவாண்டாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அங்கே இனப்படுகொலையைப் பள்ளி பிற்பாடு சொல்லித்தரவில்லை. முன்னாடியே சொல்லித்தந்தது. பெல்ஜிய ஆட்சி முப்பதுகளில் ஒவ்வொருவர் கையிலும் ஹூட்டு, டுட்சி, டுவா என்று இனத்தை எழுதிய அடையாள அட்டையைக் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகு பள்ளியில் ஆசிரியர் 'டுட்சிகள் எழுந்து நில்லுங்கள்' என்பார். அதுவரை தான் யார் என்று தெரியாத குழந்தை, வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் எழுந்து நிற்கும். உயர்நிலைப் பள்ளி இடங்களில் டுட்சிகளுக்கு ஒதுக்கீட்டு வரம்பு. வரலாற்றுப் பாடத்தில், டுட்சிகள் வடக்கே எத்தியோப்பியப் பக்கமிருந்து வந்து ஹூட்டுகளை அடிமைப்படுத்திய அந்நியர்கள். 1992 நவம்பரில் லியோன் முகெசேரா என்ற அரசியல்வாதி மேடையில், இவர்களை நியாபரோங்கோ ஆற்று வழியாக எத்தியோப்பியாவுக்கே அனுப்புவோம் என்று பேசினார். கூட்டத்துக்கு அது புரிந்தது, ஏனென்றால் எல்லாரும் அந்தப் பாடம் படித்தவர்கள். 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாட்களில் ஹூட்டுத் தீவிரவாதிகள் எட்டு லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் டுட்சிகளை, கொன்றார்கள். ஆற்றில் உடல்கள் மிதந்து போயின. பல பள்ளிகளில் ஆசிரியர்களே மாணவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள்.

அதன் பிறகு புதிய அரசு நாட்டு வரலாற்றுப் பாடத்தையே பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்று பாடத்திட்டத்தில் இனப்படுகொலை பற்றிய கல்வி ஒரு பாடத்தோடு நிற்காமல் எல்லாப் பாடங்களிலும் ஊடாடுகிறது. அடையாள அட்டையில் இனம் இல்லை. ஆனால் வகுப்பில் கொன்றவரின் பேரனும் செத்தவரின் பேத்தியும் ஒரே பெஞ்சில். ஆசிரியர் குடும்பமும் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். போரில் வென்று ஆட்சியைப் பிடித்த, டுட்சிகள் தலைமையிலான ஆர்.பி.எஃப். படையினர் செய்த பழிவாங்கும் கொலைகளைப் பற்றி ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியர் பேச்சை மாற்றத்தான் வேண்டும். அங்கே சட்டப்படி குற்றமான 'இனப்படுகொலைச் சித்தாந்தம்' என்ற குற்றச்சாட்டு பெரிய பயம். கேள்வி கேட்க முடியாத வகுப்பில் சரியான பதிலைக்கூட மனப்பாடம்தான் செய்ய முடியும். எனக்கு அது கவலையாகவே இருக்கிறது.

ஆனாலும் அந்த நாட்டின் பிள்ளைகள் படிக்கும் ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நியாங்கே என்ற ஊர். 1994-இல் அங்கே தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த சுமார் 2,000 டுட்சிகளின் மேல் கட்டடத்தையே புல்டோசரால் இடித்துத் தள்ளினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1997 மார்ச் 18 இரவு, அதே ஊரின் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது ஆயுதக் கும்பல் உள்ளே நுழைந்தது. ஹூட்டுகள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் நில்லுங்கள் என்றது. பழைய ஆசிரியர்கள் கேட்ட அதே கேள்வி. யாரும் நகரவில்லை. நாங்கள் எல்லாரும் ருவாண்டர்கள் என்றார்கள். திரும்பக் கேட்டும் அதே பதில். கும்பல் சுட்டது, கையெறி குண்டு வீசியது. சிலர் அங்கேயே இறந்தார்கள், பலர் காயத்தோடு பிழைத்தார்கள். அந்த வகுப்பு மாணவர்களை இன்று நாட்டின் வீரர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1 அன்று பள்ளிகளில் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.